பட்ஜெட் மூன்று லட்சம்... ஆசை நூறு குதிரைத்திறன்!

வேலூர், ஆம்பூர் மாணவர்கள் பழைய ஸ்போர்ட்டி கார் வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து மயங்கக் கூடாது?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28-ம் தேதி டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் தயாராகும் ஆலை. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு முன்பே, 2024 ஆகஸ்ட் கடைசியில், சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் சீறிப் பாய்ந்துவிட்டன. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு, ஷூ தைத்து, படித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வட்டாரத்தில் கார் ஆசை இப்போது பலமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது.

வி.ஐ.டி., சி.எம்.சி., பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஊரீசு கல்லூரி, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் என்று இந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வி.ஐ.டி.யில் பிரவேகா, ஓஜஸ் போன்ற மாணவர் அணிகள் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குத் தாங்களே கார் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பத்தொன்பது, இருபது வயதில் ஒரு பெண்ணோ பையனோ "வேகமான கார் ஒன்று வேண்டும்" என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. கையில் இருப்பது இரண்டரை லட்சம், அப்பாவின் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் சேர்த்தால் மூன்று, மூன்றரை. அந்தப் பணம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் அம்மா உட்கார்ந்து சம்பாதித்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் அது வீணாகிவிடக் கூடாது என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்ஜெட்டில் ஸ்போர்ட்டி கார் என்றால் எடை குறைந்த, பிரேக்கும் டயரும் நன்றாக இருக்கிற, பக்கத்து மெக்கானிக்கே கை வைக்கக்கூடிய கார்தான். பேட்ஜையும் ஸ்பாய்லரையும் ஆயிரம் ரூபாய் இரண்டாயிரம் ரூபாய்க்கு யாரும் ஒட்டிவிடலாம்.

ஏலகிரி கேட்கும் கேள்வி

ஜோலார்பேட்டைப் பக்கம் பொன்னேரியில் இருந்து ஏலகிரி ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்கள். ஒரு கார் ஸ்போர்ட்டியா இல்லையா என்று அந்த மலைச்சாலையில் நிதானமான வேகத்திலேயே தெரிந்துவிடும். வளைவில் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கிறதா, இரண்டாவது கியரில் மிதித்தால் தயங்காமல் ஏறுகிறதா, இறங்கும்போது பத்தாவது வளைவிலும் பிரேக் முதல் வளைவில் பிடித்த மாதிரியே பிடிக்கிறதா, உடம்பு ஒரு பக்கமாகச் சாயாமல் சீட் தாங்குகிறதா? இந்த நான்கில் ஒன்றுக்கும் 150 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை.

குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதை எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 83 பி.எஸ். சக்திதான், எடை சுமார் 870 கிலோ. டன்னுக்கு ஏறக்குறைய 95 பி.எஸ். வருகிறது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 பி.எஸ்., எடை சுமார் 1,100 கிலோ. கணக்குப் போட்டால் இதற்கும் டன்னுக்கு அதே 95தான். டர்போ இருப்பதால் போலோ கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும், அந்தச் சுகம் வேறு. ஆனால் விலையிலும் பராமரிப்பிலும் இரண்டுக்கும் உள்ள தூரம், சக்தியில் இல்லை.

யார் யார் பட்டியலில்?

ஸ்விஃப்ட்டில் இருந்தே தொடங்கலாம். 2005-ல் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு, 87 பி.எஸ். சக்தியோடு வந்தது. 2010-ல் 1.2 லிட்டர் கே-சீரிஸ் எஞ்சின்; 2011-ல் இரண்டாம் தலைமுறை; 2018-ல் எடை குறைந்த மூன்றாம் தலைமுறை; 2021-ல் அதற்கே 90 பி.எஸ். எஞ்சின். முதல் தலைமுறை 1.3-ஐ இன்னும் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமாகத்தான். ஆனால் அவை 15 வயதைத் தாண்டிவிட்டன. ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 2025-ல் வந்த அறிவிப்புப்படி 20 வயது தாண்டினால் 10,000. மாணவர் பட்ஜெட்டுக்குப் பொருத்தம் இரண்டாம் தலைமுறையின் கடைசி வருடங்கள், அதாவது 2015 முதல் 2017 வரை. பணம் எட்டினால் 2018-ன் ஆரம்ப வண்டிகள். பெட்ரோல் கே-சீரிஸில் டைமிங் செயின்; பெல்ட் மாற்றும் செலவு இல்லை. பாகங்கள் குடியாத்தத்திலும் கிடைக்கும், திருப்பத்தூரிலும் கிடைக்கும்.

ஸ்விஃப்ட்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டுக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். 2018-ல் சோதித்த மூன்றாம் தலைமுறைக்கு இரண்டு நட்சத்திரம். இந்தியாவில் எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகளில் எல்.எக்ஸ்.ஐ. மாதிரி கீழ் வேரியன்ட்டில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். ஆகவே பழைய ஸ்விஃப்ட்டில் ஏ.பி.எஸ்.ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள டாப் எண்ட் மட்டும் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் பேரமே வேண்டாம்.

இன்னொன்று. 'ஸ்விஃப்ட் ஸ்போர்ட்' என்ற மாடலை மாருதி இந்தியாவில் விற்றதே இல்லை. பின்கதவில் அந்த எழுத்து இருந்தால் அது ஒட்டியது. அதற்காக ஒருவர் இருபதாயிரம் கூடுதலாகக் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

அடுத்து போலோ. இந்த வட்டாரத்து மாணவர்களின் கனவு கார் எதுவென்று கேட்டால் பலரும் சொல்வது இதைத்தான். ஏர்பேக் உள்ள போலோவுக்கு 2014-லேயே குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம். கதவு மூடும் சத்தத்திலேயே மனசு விழுந்துவிடும். ஆனால் கவனம். 2013-ல் வந்த ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருப்பது ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். அதன் மெக்கட்ரானிக் யூனிட் பழுதானால் பில் லட்சத்தைத் தொடும். மூன்று லட்ச ரூபாய் காருக்கு ஒரு லட்ச ரூபாய் ரிப்பேர் என்பது படிக்கிற பிள்ளைக்குத் தாங்காது. மேனுவல் கியர் உள்ள 1.0 டி.எஸ்.ஐ. 2020-ல் வந்தது, 110 பி.எஸ்.; மிக நல்ல கார், ஆனால் விலை இந்தப் பட்ஜெட்டில் அடங்காது. இங்கேதான் ஒரு பொறி. 2018-ல் வந்த சாதாரண 1.0 எம்.பி.ஐ. போலோவும் 999 சிசி, டி.எஸ்.ஐ.யும் 999 சிசி. முன்னதன் சக்தி 76 பி.எஸ்.தான். ஆர்.சி.யில் சிசியைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். மாடல் பெயரை வரி வரியாகப் படியுங்கள், பானெட்டைத் திறந்து டர்போ இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். போலோ உற்பத்தி 2022-ல் இந்தியாவில் நின்றது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் நான் மதிக்கிற கார். 2015-ல் வந்தது, 100 பி.எஸ்., ஸ்டீயரிங் அருமை, நெடுஞ்சாலையில் மைலேஜும் நன்றாகக் கொடுக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் பழைய கார் விலை இறங்கியது. இன்றும் அந்தச் சலுகை வாங்குபவருக்கு உண்டு. டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறார்களா என்று பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறையுங்கள். பாகத்துக்குச் சில நாள் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

பலருக்கும் நினைவில் இல்லாத கார் பலேனோ ஆர்.எஸ். 2017 மார்ச்சில் வந்து 2020-ன் தொடக்கத்தில் போய்விட்டது. 998 சிசி டர்போ, 102 பி.எஸ்., 950 கிலோ, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சக்தி, எடை, விலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதுதான் உண்மையான ரகசியம். 1,000 சிசிக்குள் இருப்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் 2,094 ரூபாய்தான். 1,197 சிசி ஸ்விஃப்ட்டுக்கு 3,416 (வரி தனி). பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் கோளாறுக்காக 2023-ல் மாருதி 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று சேஸ் நம்பரைக் கொடுத்து மாருதி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். வண்டி எண்ணிக்கை குறைவு. கிடைத்தாலும் பட்ஜெட்டின் மேல் நுனியில்தான் நிற்கும்.

கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் டாடா சேர்ந்து 2018-ல் செய்த டியாகோ ஜே.டி.பி., 114 பி.எஸ். நம் மண்ணில் உருவான ஸ்போர்ட்டி கார் என்ற பெருமை அதற்கு உண்டு, கிடைப்பது அபூர்வம். 145 பி.எஸ். அபார்த் புன்டோவை ஆசைக்கு ஓட்டிப் பார்க்கலாம், வாங்க வேண்டாம். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. 2000-களின் தொடக்கத்து ஹோண்டா சிட்டி வி-டெக், ஃபியட் பாலியோ 1.6 ஆகியவை சொந்தமாக கராஜும் வருமானமும் உள்ளவர்களின் இரண்டாவது காராக இருக்கட்டும்.

தோல் ஊர்க்காரர்களின் கண்

மீட்டரைக் குறைப்பது பழைய கார் தொழிலின் தீராத வியாதி. 1,20,000 ஓடிய வண்டி 48,000 காட்டும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர், சர்வீஸ் ரெக்கார்டு எல்லாம் உதவும். ஆனால் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு: வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோல் தெரியும்.

டேனரியில் பினிஷிங் பார்த்தவரை ஒரு கார் பார்க்கக் கூட்டிப் போங்கள். தோல் சுற்றிய ஸ்டீயரிங்கில், கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில் உள்ளங்கை தேய்ந்து தேய்ந்து மேல்பூச்சு போய், கிரெயின் தட்டையாகி, வழவழவென்று மின்னும். 40,000 கிலோமீட்டரில் அப்படி ஆகாது. சாயம் அடித்து மறைத்திருந்தால் தையல் நூலிலும் அதே நிறம் ஏறியிருக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் தெரிந்துவிடும். ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இடுப்பு உரசுகிற இடம் அது. அங்கே ஃபோம் அமுங்கி, துணியோ தோலோ நைந்திருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். கியர் நாப், கிளட்ச் பெடல் ரப்பர், கதவு கைப்பிடி எல்லாம் இதே கதையைச் சொல்லும். புத்தம் புதிய ரெக்ஸின் சீட் கவர் போட்டிருந்தால் அதை ஒரு மூலையில் கழற்றிக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

மூக்குக்கும் வேலை கொடுங்கள். நனைந்து பூஞ்சை பிடித்த தோலின் நாற்றம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் அந்நியம் இல்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. 2021 நவம்பரில் பாலாறே கரை புரண்டது. தண்ணீரில் நின்ற வண்டி துடைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வரும். ஏ.சி.யை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் வெயிலில் உள்ளே உட்காருங்கள். சென்ட் தோற்று, பூஞ்சை வாடை மேலே வரும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தண்ணீர் புகுந்த காரின் வயரிங் இரண்டு வருடம் கழித்தும் பழிவாங்கும்.

மெக்கானிக் பாயை முன்கூட்டியே பிடியுங்கள்

பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரரின் மெக்கானிக் வேண்டாம், உங்கள் மெக்கானிக் வேண்டும். ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கொடுத்துக் கூட்டிப் போனால் பல ஆயிரம் மிச்சம். "அண்ணே, எஞ்சின் சூடாகாம வெச்சிருங்க, நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டீசலில் கரும்புகை அடர்த்தியாக வந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ கேள்விக்குறி.

பட்டி பார்த்த இடம் எது என்று பாடியைத் தட்டினால் சத்தத்தில் தெரியும். காந்தம் ஒட்டாமல் வழுக்கும். பானெட் போல்ட்டிலும் முன் ஃபென்டர் போல்ட்டிலும் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சின்ன உரசலுக்கு டிங்கரிங் பார்த்தது குற்றமில்லை. சேஸ் வளைந்த வண்டி மட்டும் கூடவே கூடாது. ஸ்போர்ட்டியாக ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு நேராகப் போகாத வண்டி உயிருக்கு உலை.

ஓட்டிப் பார்ப்பதைச் சந்துக்குள் முடித்துவிடாதீர்கள். சர்வீஸ் ரோட்டில், பிறகு நெடுஞ்சாலையில், மொத்தம் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துப் பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. வேகத்தடையில் 'டக் டக்' என்றால் லோயர் ஆர்ம், புஷ், ஷாக் வேலை காத்திருக்கிறது. வேலூர் வெயிலை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியம் ஒரு மணிக்கு ஏ.சி. போட்டு, வண்டியை நிறுத்தியபடியே இருபது நிமிடம் ஓடவிட்டு, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாலை நேரத்தில் கார் காட்டுகிறேன் என்பவரிடம் மதியமே வருகிறேன் என்று சொல்லுங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வயதான டயரில் வேகம் வேண்டாம்.

காகிதம்தான் பாதி கார்

காட்பாடியில் ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருட மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது விற்பனைக்கு வரும் வண்டிகளில் டி.என். மட்டுமல்ல, ஏ.பி., கே.ஏ., கே.எல்., டி.எல். எண்களும் இருக்கும். வெளிமாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே காரின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைக் கேட்டு வாங்குவது தனி அலைச்சல். எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகும். டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அங்கிருந்து தெற்கே வரும் டீசல் வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. நம் ஊர் மாணவருக்கு வேலூரின் டி.என். 23, ராணிப்பேட்டையின் 73, வாணியம்பாடியின் 83 வண்டிகளே நிம்மதி. பழைய ஓனரின் வீட்டுக்கே போய்ப் பேசலாம், சர்வீஸ் பார்த்த மெக்கானிக்கைக் கேட்கலாம்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், பினான்ஸ் நிலுவை உண்டா, காப்பீடு எதுவரை என்று பாருங்கள். நிலுவையில் உள்ள இ-செலான் அபராதங்களையும் பாருங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் அடமானம்) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே பணம். சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். வாடகை வண்டியாக ஓடி சொந்த போர்டுக்கு மாறியதா என்றும் கேளுங்கள். பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. படிவம் 29, 30-ஐப் பூர்த்தி செய்து, வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் பிரீமியம் கூடும். அதைக் கணக்கில் சேருங்கள். விற்பவருக்கும் இது முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் கழித்து நீங்கள் இதே காரை ஜூனியருக்கு விற்கும்போது அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு 'ஓப்பனில்' விடுவது இரு பக்கத்துக்கும் ஆபத்து.

மூன்று லட்சத்தில் கார் விலை எவ்வளவு?

மூன்று லட்சம் கையில் இருந்தால் காருக்கு இரண்டேகால் லட்சம். முக்கால் லட்சத்தைத் தொடாதீர்கள். நான்கு டயர் இருபதாயிரத்தை ஒட்டி வரும். பிரேக் பேட், ஆயில்கள், கூலன்ட், பேட்டரி, காப்பீடு, பெயர் மாற்றம் என்று மீதியும் மூன்று மாதத்தில் கரையும். முழுப் பணத்தையும் விலைக்கே கொட்டியவரின் கார் வழுக்கை டயரோடு ஹாஸ்டல் வாசலில் நிற்பதை ஒவ்வொரு கல்லூரியிலும் பார்க்கலாம்.

பேரத்துக்கு உங்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ் சேர்த்து 29. புதிய கார் விலை இறங்கியபோது பழைய காரும் இறங்கத்தானே வேண்டும்? பழைய விலைப்பட்டியலை நீட்டுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பெட்ரோலை மறக்காதீர்கள். ஆம்பூரில் இருந்து வேலூருக்குத் தினமும் போய்வந்தால் 100 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 2,500. லிட்டருக்கு 15 கொடுத்தாலும் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தனி. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸில் 200 முறை கடக்கலாம் என்பது ஓர் ஆறுதல். தினப் பயணத்துக்கு ரயில், சனி ஞாயிறுக்குக் கார் என்று பிரித்துக்கொள்வதே மாணவருக்கு நல்லது. 2023-க்கு முந்தைய கார் என்றால் இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு எரிபொருள் ஹோஸ், ரப்பர் பாகங்கள் தாங்குகின்றனவா என்று சர்வீஸில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடன் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதித் தொழில் எப்படிக் கலங்கியது என்று நாம் பார்த்தோம். அப்பாவின் ஓவர்டைமை நம்பி மகனின் கார் மாதத் தவணை ஓடக் கூடாது.

ஆல்டர் ஆசையும் நெடுஞ்சாலை ஆசையும்

வாங்கிய மறுநாளே சைலன்ஸரை மாற்றி, கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டி, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-லும் சொன்னது. உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்கவும் அது காரணமாகும். அந்தப் பணத்துக்கு நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் வாங்குங்கள். உங்கள் கார் வேகமாகத் தோன்றாது. வேகமாகவும் பத்திரமாகவும் ஓடும்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை பந்தயத் திடல் கிடையாது. இரவில் ஷூ கம்பெனி பஸ்கள், தோல் லாரிகள், எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள், திடீரென்று குறுக்கே கடக்கும் பெண்கள் எல்லாரும் அந்தச் சாலையில்தான். காரின் எல்லையை அறிந்துகொள்ளும் ஆசை இருந்தால் வேலூரில் இருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990 முதல் ஓடும் பந்தயத் தடம் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அந்தத் தடத்தில் பயிற்சி நாட்களை விசாரியுங்கள். ஹெல்மெட்டோடு, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வேகமாகப் போவதில் எந்த வெட்கமும் இல்லை. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண்ணை போனில் இப்போதே பதிந்துவையுங்கள், குறிப்பாகத் தனியாக ஓட்டும் மாணவிகள்.

கடைசியாக, எதை வாங்குவது? இன்றைக்கு மூன்று லட்சத்தோடு என்னிடம் வரும் மாணவருக்கு என் பதில்: ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக் உள்ள 2015 முதல் 2017 வரையிலான ஸ்விஃப்ட் பெட்ரோல், முதல் ஓனர், உள்ளூர் எண். நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் ஃபிகோ 1.5 டீசல். இன்னும் ஒரு வருடம் சேமிக்க முடிந்தால் காத்திருந்து பலேனோ ஆர்.எஸ். தேடுங்கள். டி.எஸ்.ஜி. போலோவைச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும்வரை வண்டியை நண்பருக்குக்கூட ஓட்டக் கொடுக்காதீர்கள்.